பதநீரைப் பாதுகாத்தலும் கெட்டதை அறிதலும்

நெய்க்காரப்பட்டிப் பக்கத்தில் கரும்பாட்டி வெல்லம் காய்ச்சும் அங்கத்தினர்கள் ஓர் உண்மையை நன்கு அறிவர். வெட்டிய கரும்பைப் பல நாள் வெயிலில் கிடத்திப் பின்னர் ஆட்டினால், எவ்வளவு காய்ச்சினும் பாகு இறுகாது, பிசுபிசுத்தே நிற்கும். பனஞ்சாறும் இவ்வியல்பினதே. கரும்பு நாட்கணக்கில் கெடுகிறது. பனஞ்சாறோ மணிக்கணக்கில் கெட்டுவிடுகிறது.

பாளையினின்று சொட்டும் சாற்றில் நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு வரை சர்க்கரை உண்டு. கலயத்தின் சுவரிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதனை உண்டு சாராயச் சத்தையும் கரியமிலவாயுவையும் உண்டாக்குகின்றன. மேனாட்டார் ஆப்பிள் சாற்றில் காண்பதும் இம்மாற்றமே. நொதித்தல் நுண்ணுயிர்களின் வேலையே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் 1857 முதல் செய்த ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். நம் பனையேறிகளோ, காரணம் ஏட்டில் ஏறுமுன்னரே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசக் கற்றிருந்தனர். சுண்ணாம்பின் காரத்தில் அவ்வுயிர்கள் பெருகமாட்டா.

ஆயினும் சுண்ணாம்பு அளவோடு இருத்தல் வேண்டும். குறைந்தால் சாறு கள்ளாகும். மிகுந்தால் நாக்கு எரியும், கருப்பட்டியும் கறுத்துவிடும். பழைய பூச்சின்மேல் மீண்டும் பூசிக்கொண்டே போவது தவறு. கலயத்தைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தபின் புதிதாய்ப் பூசுவதே முறை. பலர் சோம்புவது இவ்விடத்திலேதான்!

இனி, கெட்டதை அறிவது எங்ஙனம்? நல்ல பதநீரில் குமிழி எழாது. மணம் இனியதாய் இருக்கும். கெடத் தொடங்கியது வெண்மையாய்க் கலங்கி, ஓரத்தில் நுரை கட்டும். புளித்த வாடை வீசும். ஐயமெனில் மஞ்சள் தோய்த்து உலர்த்திய தாளில் ஒரு துளி விடுக. தாள் சிவந்தால் சுண்ணாம்பின் காரம் இன்னும் உளது. மஞ்சளாகவே இருப்பின் காவல் நீங்கிற்று என்றறிந்து உடனே அடுப்பேற்றுக. தாள் சிவக்காமையொன்றே சாறு கெட்டதற்குச் சான்றன்று. மூக்கும் நாக்கும் உடன் சாட்சி சொல்லவேண்டும்.

புளித்ததை நல்லதோடு கலந்து காய்ச்சுவோர் உளர். இதனால் முழுக் கொப்பரையும் பாழாகும். புளிப்பு, சர்க்கரையை உறையாத வகையாகப் பிரித்துவிடுவதே காரணம். ஏறத்தாழ எட்டு லிட்டர் சாற்றுக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும் தொழிலில் இது சிறு நட்டமன்று. விறகும் வீண், கூலியும் வீண்.

நொதித்த சாற்றைப் புட்டியில் இறுக அடைப்பதும் ஆபத்து. வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரமும் புளிப்புக்கு ஆகாது.

சட்டத்தையும் கருதுக. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் உளது. புளித்த சாறு கள்ளெனவே கொள்ளப்படும்.

தென்னஞ்சாறு இறக்கும் அங்கத்தினர்க்கு வேறொரு வழியும் உண்டு. காசர்கோட்டு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், பனிக்கட்டியிட்ட பெட்டியைப் பாளையிலேயே பொருத்திச் சுண்ணாம்பின்றிச் சாறு பிடிக்கும் முறையை வகுத்துள்ளது. குளிரில் நுண்ணுயிர்கள் சாவதில்லை, உறங்குகின்றன. ஆகையால் மரத்தினின்று இறக்கியது முதல் அருந்தும்வரை அக்குளிர் இடையறாது தொடர்தல் வேண்டும்.