சங்கக் கடிதங்களுக்குத் தானாகவே பிரதி சேரச் செய்யும் முறை

விதை நெல் முழுவதையும் ஒரே சாக்கில் கட்டி வைக்கும் கமக்காரர் அரியர். ஒரு சாக்கு பழுதுற்றாலும் மற்றதைக் கொண்டு நாற்றுமேடை இடலாம் என்பது அவர் அறிந்ததே. சங்கம் அனுப்பும் மின்னஞ்சல்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

நோட்டன் பிரிட்ஜும் அதனைச் சூழ்ந்த மலைப் பகுதிகளும் தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறுவன. மண்சரிவாலோ வெள்ளத்தாலோ நெல்லும் மரக்கறியும் அழியுமாயின், கமநல சேவை நிலையத்துக்கும் ஏனைய கந்தோர்களுக்கும் சங்கம் உடனே எழுத வேண்டியிருக்கும். தலைவர், காரியதரிசி, பொருளாளர் ஆகிய மூவரும் ஒரே மின்னஞ்சற் கணக்கைக் கையாளும் சங்கங்களில், எவர் எதை எப்போது அனுப்பினார் என்பது பின்னர் தெளிவின்றிப் போதல் கூடும்.

பிரதி ஏன் வேண்டும்?

“உங்கள் அறிவித்தல் கிடைக்கவில்லை” என்று கந்தோர் கூறுமிடத்து, பிரதி இல்லாத சங்கம் விடை கூற இயலாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலுக்குச் சட்ட ஏற்பு அளிக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோரிக்கை மீது 14 வேலை நாட்களுள் தீர்மானம் செய்யப்படல் வேண்டும். அந்நாட்களைக் கணக்கிடுவதற்குத் திகதியுடன் கூடிய பிரதி இன்றியமையாதது.

‘அனுப்பியவை’ என்னும் கோவை மட்டும் போதாது. கடவுச்சொல் அறிந்த எவரும் அதிலுள்ள கடிதத்தை அழிக்கலாம். ஜிமெயிலில் அழித்த கடிதம் 30 நாட்களின் பின் முற்றாக நீங்கிவிடும்.

மறைபிரதி என்பது யாது?

தட்டச்சு இயந்திரக் காலத்தில் இரு தாள்களுக்கிடையே காபன் தாளை வைத்து அடிப்பர். முதற்றாள் தபாலில் செல்லும். இரண்டாவது கோவையில் தங்கும். மின்னஞ்சலில் ‘சீசீ’ என்னும் குறி அக்காபன் பிரதியையே சுட்டுகின்றது. ‘பீசீசீ’ என்பது மறைபிரதி. இதற்குரிய விலாசம் கடிதத்தைப் பெறுபவருக்குத் தோன்றாது.

செய்யும் முறை

1. சங்கத்தின் பெயரால் இரண்டாவது கணக்கொன்றைத் திறந்து, பிரதிகளுக்கென்றே ஒதுக்குக. அதன் கடவுச்சொல் காரியதரிசியிடமன்றிப் பொருளாளரிடமோ கணக்காய்வாளரிடமோ இருத்தல் நன்று.

2. இலவச ஜிமெயிலில் தானாக முன்னனுப்பும் வசதி வருங் கடிதங்களுக்கே உரியது. ஆகவே, கணினியில் தண்டர்பேர்ட் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, சங்கக் கணக்கை அதில் இணைக்குக.

3. அதன் கணக்கு அமைப்புகளில், பிரதிகளுக்கும் கோப்புறைகளுக்கும் உரிய பகுதியைத் திறந்து, மறைபிரதிக்கான இடத்தில் இரண்டாவது விலாசத்தை எழுதுக.

4. சோதனைக் கடிதமொன்றை அனுப்பி, பிரதி இணைப்புகளுடன் வந்து சேர்ந்ததா என்று பார்க்க.

மைக்ரோசொப்ட் 365 பகிர்வு அஞ்சற்பெட்டியைக் கையாளும் பெரிய சங்கங்களில், அனுப்பிய கடிதம் வழக்கமாக அனுப்பியவரின் சொந்தப் பெட்டியிலேயே தங்கும். பொதுப்பெட்டியிலும் பிரதி சேருமாறு அமைக்கும்படி நிருவாகியைக் கேட்டல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தண்டர்பேர்டில் செய்த இவ்வமைப்பு அக்கணினியிலிருந்து அனுப்பும் கடிதங்களுக்கே பயன்படும். கைத்தொலைபேசியிலிருந்து அனுப்புவோர் மறைபிரதி விலாசத்தைத் தாமே இடல் வேண்டும். முக்கியமான கடிதங்களைக் கணினியிலிருந்தே அனுப்புவதென்று சங்கம் தீர்மானித்தல் சாலச் சிறந்தது.

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளைக் கூகுள் நிறுவனம் நீக்கக்கூடும். எனவே, பிரதிக் கணக்கை மாதம் ஒருமுறையேனும் திறந்து பார்த்தல் வேண்டும்.

கடிதங்களில் அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கி விவரமும் இருத்தல் கூடும். ஆதலின், பிரதி எடுக்கப்படுவதையும் அதனைப் பார்க்க உரிமையுடையோர் இன்னார் என்பதையும் கூட்டத்தில் அறிவித்துக் குறிப்பேட்டில் பதிதல் அவசியம்.

பிரதியானது கடிதம் அனுப்பப்பட்டதைக் காட்டுமேயன்றி, உரியவர் பெற்றதைக் காட்டாது. பயிரழிவு அறிவித்தல் போன்றவற்றுக்குக் கிடைத்தமைக்கான பதிலைக் கேட்டுப் பெறுக. பதில் வாராவிடின், அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்புக.

புதிய உத்தியோகத்தர் தெரிவானவுடன் இரு கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றுக. சங்கத்தில் ஆள் மாறினும் அதன் கடிதங்கள் அழியாதிருத்தல் வேண்டும். அழிந்த பயிருக்கு ஈடு கோரும் நாளில் கமக்காரருக்குத் துணை நிற்பவை அவையே.