முகம் தெளிய, பின்னணி மங்க



நம் தோட்டத்து வீடுகளின் சுவர்களில் திருமணப் படம் இருக்கும்; பிள்ளைகளின் பள்ளிப் படமும் இருக்கும். ஆனால், பாட்டிக்கென்று ஒரு தனிப்படம் தேடினால், பல வீடுகளில் அடையாளக் கார்டில் உள்ள சிறிய படந்தான் கிடைக்கும். அவர் காலமான பின் அதையே பெரிதாக்கி மாலை சாத்துகிறோம். பெரிதாக்கும்போது கண்ணும் மூக்கும் கலங்கிவிடுகின்றன. பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்களை நல்ல படம் எடுத்து வைப்பது நம் கடமையல்லவா? அதற்கு உதவும் முறை ஒன்றை இன்று பார்ப்போம்.

உங்கள் விரலை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, அதையே உற்றுப் பாருங்கள். விரல் தெளிவாகத் தெரியும். அப்பால் உள்ள கதவு கலங்கித் தெரியும். இதைக் கேமராவும் செய்யும். முகத்தை மட்டும் தெளிவாக வைத்து, பின்னால் உள்ள துணிக்கொடி, கோழிக்கூடு, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை மங்கவிட்டால், பார்ப்பவர் கண் நேரே முகத்துக்குச் செல்லும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, லென்சின் துவாரம். அதில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என எண்கள் இருக்கும். எண் சிறியதானால் துவாரம் பெரிது. தெளிவாக விழும் ஆழம் குறைவு. 35 மில்லிமீட்டர் பிலிம் கேமராவில், 50 மில்லிமீட்டர் லென்சை வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுப்பதாகக் கொள்வோம். எண் 2 ஆனால் தெளிவான ஆழம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். எண் 8 ஆனால் 40 சென்டிமீட்டருக்கும் மேல். இரண்டாவது, படம் எடுப்பவர் நெருங்கி நிற்பது. மூன்றாவது, படத்தில் இருப்பவரைச் சுவரிலிருந்து பத்தடியாவது முன்னே உட்கார வைப்பது.

குறியைக் கண்ணில் வையுங்கள். முகம் சற்றுத் திரும்பியிருந்தால், கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணில் வையுங்கள். மூக்கு தெளிந்து கண் மங்கினால் படம் வீண். குடும்பமாக எடுக்கும்போது துவாரத்தைச் சிறிதாக்குங்கள். இல்லையேல் பின்வரிசையில் நிற்பவர் மங்கிவிடுவார். பெரிய துவாரத்துக்கு உச்சிவெயில் ஆகாது. காலை வேளையில் அஞ்சடி நிழல் ஓரமே நல்ல இடம்.

கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அதன் லென்சு மிகச் சிறியது; ஆகவே பின்னணி இயல்பாக அதிகம் மங்காது. ஆள்படத்துக்கென உள்ள அமைப்பு, கணக்குப் போட்டே மங்கலை உண்டாக்குகிறது. சில வேளை தலைமுடியையும் தோட்டையும் சேர்த்து மங்கச் செய்துவிடும். எடுத்ததும் பெரிதாக்கிப் பார்த்து, தேவையானால் மறுபடி எடுங்கள்.

இம்முறைக்குப் பேர்போனவர் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், 1863இல், தமது 48ஆம் வயதில், முதல் கேமராவைப் பெற்றார். நெருங்கி நின்று, முழுக் கூர்மையை நாடாமல், மென்மையாக முகங்களை எடுத்தார். படம் சரியாகத் தெளியவில்லை என்று அக்காலத்தில் பலர் குறை கூறினர். இன்றோ அவை அரும்பொருளகங்களில் உள்ளன. 1875இல், கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். 1879இல் அங்கேயே மறைந்தார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். அந்த முகங்கள் இன்றும் நம்மை நோக்குகின்றன. ஆனால், அவர்களுள் பலருடைய பெயர் பதிவாகவில்லை. அவர்கள் யார், யாருடைய பாட்டன் என்று சொல்ல இன்று ஆளில்லை.

நம் வீட்டுப் படங்களுக்கு அந்நிலை வரக்கூடாது. படத்தின் பின்புறம் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள்.

முடிவாக ஒன்று. எல்லாப் பின்னணியையும் மங்கவிட வேண்டியதில்லை. பல தோட்டங்கள் விற்கப்பட்டு, லயன்கள் இடிக்கப்பட்டுவிட்டன. ஆகவே பாட்டியை இரண்டு படங்கள் எடுங்கள். ஒன்றில் முகம் மட்டும் தெளியட்டும். மற்றொன்றில் துவார எண்ணை 11க்கு மாற்றி, அவர் வாழ்ந்த லயனும், பால் சுமந்த வாளியும், பின்னால் நிற்கும் மரங்களும் தெளியட்டும். முதற்படம் அவர் யார் என்று சொல்லும். இரண்டாவது, அவர் எங்கே உழைத்தார் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்.