ரிப்போர்ட் நெகட்டிவ், பயம் மட்டும் பாசிட்டிவ்

உதட்டில் சின்ன வெடிப்பு இருந்தது, அப்போது முத்தம் கொடுத்துவிட்டேன். கையில் நகக்கீறல் இருந்தது, அந்தக் கையால் தொட்டுவிட்டேன். எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மைய ஆலோசகர்களிடம் இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், பல இரவுகள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் நேரானது. எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாக எச்.ஐ.வி. பரவாது. கட்டிப்பிடிப்பது, கையால் தூண்டுவது, ஆடைக்கு மேல் உரசுவது எதிலும் ஆபத்தில்லை. உடலை விட்டு வெளியே வந்த கிருமி வேகமாக வலுவிழந்துவிடும். வாய்வழி உறவில் ஆபத்து மிக மிகக் குறைவு. கிருமி உள்ள, மருந்து எடுக்காத பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் ஒருமுறை யோனிவழி உறவு கொள்ளும் ஆணுக்கே தொற்றும் வாய்ப்பு 10,000-ல் சுமார் 4 என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அதற்காக ஆணுறை தேவையில்லை என்று ஆகிவிடாது. அந்த நான்கில் ஒருவராக யாரும் இருக்கலாம். ஆனால் முத்தத்துக்கு நடுங்குபவர் இந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார்.

பிறகு ஏன் இத்தனை நடுக்கம்? 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், ‘ஆட்கொல்லி’ என்றும் ஒழுக்கம் தவறியவனுக்குக் கிடைக்கும் தண்டனை என்றும் சொல்லியே இந்த நோயை நமக்கு அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பாடம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பெண்ணைத் தொட்ட குற்ற உணர்வுதான் பலருக்கு நோய்ப் பயமாக உருமாறுகிறது என்று நினைக்கிறேன். தப்பு செய்தோம், தண்டனை வந்தே தீரும் என்று மனம் காத்திருக்கிறது.

அந்த மனத்துக்கு உடலும் சாட்சி சொல்லும். பதற்றத்தில் வாய் உலரும், வயிறு கலங்கும், இரவில் வியர்க்கும். அதைச் செல்போனில் தேடினால் எச்.ஐ.வி. அறிகுறிப் பட்டியல் வந்து நிற்கும். அறிகுறியை வைத்து இந்தத் தொற்றை யாராலும் சொல்ல முடியாது, டாக்டராலும் முடியாது. சோதனைதான் சொல்லும்.

உண்மையிலேயே ஆபத்தான உறவு என்றால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். 28 நாள் தடுப்பு மருந்து இருக்கிறது. அந்த நேரம் கடந்துவிட்டால் சரியான காலத்தில் சோதனை செய்துகொள்ளலாம். நான்காம் தலைமுறை ஆய்வகச் சோதனை 45 நாளில் தெளிவான விடை தரும். விரல் நுனி ரத்தத்தில் செய்யும் விரைவுச் சோதனைக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அரசு நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். உங்கள் சம்மதமின்றி சோதிக்கவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது.

ஆபத்தே இல்லாதவருக்குச் சோதனையும் தேவையில்லை. மனம் ஆறவில்லை என்றால் ஒருமுறை செய்துகொள்ளலாம். அதோடு நிறுத்த முடியாமல் லேப் மாற்றி லேப் போகிறவருக்கு அடுத்த ரிப்போர்ட்டும் நிம்மதி தராது. அவர் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, மனக்கலக்கத்துக்கு 14416. இரண்டுமே கட்டணமில்லாத எண்கள்.