பிரிட்டனின் வர்த்தகப் பிரிவினையும் நமது மணிலாப் பயிரும்

வட ஆற்காட்டுக் குடியானவர்கள் மணிலா என்று வழங்கும் நிலக்கடலை, திருவண்ணாமலை ஜில்லாவின் மானாவாரிப் புன்செய்களுக்கு மிகவும் உகந்த பணப்பயிர் என்பது யாவரும் அறிந்ததே. செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கங்களில் விளைந்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஏலம் போகும் இச்சரக்கிற்கும், கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தேசம் தன் அண்டை நாடுகளோடு கொண்டிருந்த வர்த்தகக் கூட்டை முறித்துக்கொண்டதற்கும் யாது சம்பந்தம் என்று வாசகர் வினவக்கூடும். சுங்கத்தீர்வையைத் தேடினால் சம்பந்தம் அதிகமாய்ப் புலப்படாது. ஒன்றாயிருந்த சட்டப் புத்தகம் இரண்டானதை நோக்கினால் புலப்படும்.

பல நாடுகள் கூடி ஒரே சந்தையாக அமையும்போது, அவை தம்முள் தீர்வையை நீக்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. உணவில் எவ்வளவு நஞ்சு இருக்கலாம், எந்தப் பூச்சிமருந்தை வயலில் தெளிக்கலாம், சர்க்கார் தன் குடிகளுக்கு எவ்வளவு உதவிப்பணம் கொடுக்கலாம், பெருங் கம்பெனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து போட்டியை ஒழித்துவிடாமல் தடுப்பது எவ்வாறு என்பனவற்றிற்கும் பொதுவான விதிகள் செய்துகொள்கின்றன. பிரிட்டன் 1973-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் இத்தகைய ஐரோப்பியக் கூட்டில் இருந்தது. அக்காலத்தில் நமது கடலைப் பருப்பு ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி அங்கே பரீக்ஷையில் தேறிவிட்டால், பெர்லினுக்குப் போவதும் லண்டனுக்குப் போவதும் ஒன்றுதான்.

இப்படிப்பட்ட பிரிவினை நமக்கும் புதிதன்று. 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்திய அரசாட்சியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரையில் ரங்கூன் அரிசி சென்னையில் இறங்குவது, ஒரு ஜில்லாவின் சரக்கு மற்றொரு ஜில்லாவுக்குப் போவது போன்றதே. பிரிந்தவுடன் தீர்வை விதித்தால் வியாபாரம் நிலைகுலையும் என்று கருதி, பழைய ஏற்பாட்டையே மூன்று வருஷங்களுக்கு நீடிக்க உத்தரவு பிறந்தது. தனி வர்த்தக உடன்படிக்கை 1941-இல்தான் ஏற்பட்டது. ஆகவே மலிவான பர்மா அரிசியால் நொந்திருந்த நமது மாகாணத்து நெல் விவசாயிகளுக்கு, பிரிவினை நாளன்று சந்தையில் எந்த மாறுதலும் தெரியவில்லை. பிரிகிற தேதி ஒன்று, சட்டம் மாறுகிற தேதி வேறொன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

பிரிட்டன் விஷயத்திலும் அவ்வாறே நடந்தது. 2016 ஜூன் 23-ஆம் தேதி குடிகளின் வாக்கெடுப்பு நடந்தது. 2020 ஜனவரி 31-ஆம் தேதி அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கிற்று. ஆயினும் அவ்வருஷம் டிசம்பர் 31 வரையில் பழைய விதிகளே நடைமுறையில் இருந்தன. அதன் பின்னர் இரு தரப்பும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தத்தம் நாட்டில் உண்டான சரக்குகளுக்குத் தீர்வையும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. 'தத்தம் நாட்டில் உண்டான' என்னும் ஷரத்தைக் கவனிக்க வேண்டும். பஞ்சாப் வயலில் விளைந்த பாஸ்மதியைத் தவிடு நீக்காமல் வாங்கி, இங்கிலாந்து ஆலையில் தீட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினால், தானியம் அவ்விரு தரப்பு மண்ணிலும் விளையாதது ஆகையால் இச்சலுகை அதற்குக் கிடையாது. ஆலை அங்கேயே இருக்கிறது, தொழிலாளரும் அவர்களே, நடுவில் எல்லைக்கோடு ஒன்று முளைத்ததே வித்தியாசம்.

பச்சைக் கடலைப் பருப்புக்கு இரு பக்கத்திலும் இறக்குமதித் தீர்வை இல்லாதபடியால், அவ்வகையில் நமக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நம்மைப் பாதிப்பது அஃப்ளாடாக்ஸின் என்னும் பூசண நஞ்சைப் பற்றிய விதி. நேராக மனிதர் உண்ணும் கடலையில் இந்நஞ்சு கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது; அதில் பி1 என்னும் கொடிய வகை 2-க்கு மேற்படலாகாது. ஒரு டன் பருப்பில் 4 மில்லிகிராம் என்று சொன்னால் இதன் கடுமை விளங்கும். பிரிட்டன் விலகும்போது இவ்விதியை அப்படியே தன் சட்டமாக எழுதிக்கொண்டது. ஆனால் அளவு ஒன்றாயினும் அதிகாரி இருவர். இங்கிலாந்துத் துறைமுகத்தில் தேறிய சரக்கை வியாபாரி ஹாலந்துக்குத் திருப்பி விற்க நினைத்தால், அங்கே அது புதிதாய் வந்த அயல்நாட்டுச் சரக்காகவே மதிக்கப்படும். வட அயர்லாந்தோ பிரிட்டனின் பகுதியாயிருந்தும், சரக்கு விஷயத்தில் பெரும்பாலும் ஐரோப்பிய விதிகளையே பின்பற்றுகிறது.

இரண்டு முறை பரீக்ஷித்தால் என்ன, நல்ல சரக்கு இரண்டு முறையும் தேறுமே எனலாம். கடலை விஷயத்தில் அது சரியன்று. இந்நஞ்சு மூட்டை முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகளில் பூசணம் பிடித்த சிலவற்றில் மட்டும் மிகுதியாய்த் தங்கியிருக்கும். ஒரு மாதிரியில் அவை அகப்படாமல் போகலாம். அதே சரக்கில் எடுத்த மறு மாதிரியில் அகப்பட்டுவிடலாம். ஆகையால் பரீக்ஷை ஒன்று கூடினால் சரக்கு திருப்பப்படும் அபாயமும் கூடுகிறது. அந்த அபாயத்தை ஏற்றுமதியாளர் தம் பையிலிருந்து ஈடுசெய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. ஏலத்தில் கேட்கும் விலையிலேயே அதைக் கழித்துக்கொள்வார்.

பூச்சிமருந்து விதிகளோ அளவிலேயே பிரியத் தொடங்கிவிட்டன. தேனீக்களுக்குக் கேடு என்று தயாமீதாக்ஸம் முதலிய மருந்துகளைத் திறந்த வயல்களில் உபயோகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடுத்தது. 2023-இல் அதன் நீதிமன்றம், தடுக்கப்பட்ட இம்மருந்துகளை ஏற்றிய விதைகளுக்கு அவசர அனுமதி என்ற பெயராலும் இடமளிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே காலத்தில் பிரிட்டிஷ் சர்க்கார், சீனி எடுக்கும் பீட்கிழங்கு விதைக்கு 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருஷங்களிலும் அம்மருந்துக்கு அவசர அனுமதி கொடுத்து, 2025-இல் மறுத்தது. இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்களை சர்க்காரே மீறினால் கேட்பதற்கு முன்பு ஐரோப்பிய ஆணையம் இருந்தது. அவ்விடத்தை நிரப்ப 2021-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் தனிக் காப்பகம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். உதவிப்பணத்திற்கும் 2022-இல் தனிச் சட்டம் செய்தார்கள். இங்கிலாந்து விவசாயிகளுக்கு ஏக்கர் கணக்கில் கிடைத்துவந்த பணம் 2021 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, மண்ணையும் நீரையும் வேலிமரங்களையும் காப்பதற்கென்று கொடுக்கும் முறை வந்தது. கம்பெனிகள் இணைவதற்கும் இப்போது லண்டனில் ஒன்று, பிரஸ்ஸெல்ஸில் ஒன்று என இரு அனுமதிகள் தேவைப்படலாம்.

சொந்தமாய்ச் சட்டம் எழுதும் சுதந்திரத்திற்கு விலையும் உண்டு. 2025 மே மாதத்தில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் உணவு, பயிர்ப் பாதுகாப்பு விதிகளை மீண்டும் ஒன்றுபடுத்தும் உடன்படிக்கைக்கு முயல்வதாகத் தீர்மானித்ததே இதற்குச் சான்று. அவ்வருஷம் ஜூலை 24-ஆம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் தனி வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதனால் தீர்வை குறையுமேயன்றி, நஞ்சின் அளவு தளராது என்பதைக் குடியானவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நமது கடலை ஐரோப்பாவைக் காட்டிலும் கீழ்த்திசை நாடுகளுக்கே அதிகம் போகிறதென்பது மெய்தான். ஆனால் அங்கும் நிலைமை மாறிவருகிறது. 2025 செப்டம்பரில் இந்தோனேஷியா இதே நஞ்சின் காரணமாக இந்தியக் கடலையின் இறக்குமதியை நிறுத்திவைத்தது. ஆகையால் கடுமையான அளவுக்கே சரக்கைத் தயாரிப்பது உசிதம்.

அதற்கான காரியங்கள் பெரும்பாலும் களத்திலேயே இருக்கின்றன. காய் முற்றும் கடைசி மாதத்தில் நிலம் வறண்டால் பூசணம் காய்க்குள் புகும். கிணறு உள்ளவர்கள் அத்தருணத்தில் ஒரு தண்ணீராவது பாய்ச்ச வேண்டும். பிடுங்கிய செடிகளைக் குவியலாய்ப் போடாமல் காய்கள் வெயிலை நோக்கும்படி கவிழ்த்துப் பரப்ப வேண்டும். மண்வெட்டி பட்ட காய்களையும் சுருங்கிய காய்களையும் தனியே பிரிக்க வேண்டும். ஈரம் 8 சதவிகிதத்துக்கு இறங்கும்வரை உலர்த்தி, மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்க வேண்டும். பருப்பு உடையாதிருக்க வேண்டுமென்று காயை உடைக்குமுன் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நஞ்சு உண்டாவதற்கு இதைவிட அனுகூலமான உபாயம் வேறில்லை. இதை அறவே விட்டுவிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள், அறுவடைக்கு முன்பே ஊர்ப் பொதுக் களத்தைச் செப்பனிடுவித்து, அது இல்லாத ஊர்களில் விற்பனைக் கூடத்தின் உலர்களத்தை உபயோகிக்கும்படி குடியானவர்களுக்குத் தெரிவிப்பது நலம்.