பாலூ தம்பியும் மூன்றுசுழி ண-வும்

அக்கா மகள் கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. ஒன்றாம் வகுப்புச் சுவருக்கு எழுத்துப் படங்கள் கேட்டாள். "மாமா, அரசாணை மாதிரி விறைப்பா வேண்டாம். பிள்ளைங்க பார்த்தா சிரிக்கணும்." நான் எடுத்தது பாலூ தம்பி எழுத்துரு.

பாலூ, மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய எழுத்துருக் குடும்பம். பெயர் கரடியைக் குறிப்பது. எழுத்துகளும் அப்படித்தான், கொழுக் மொழுக்கென்று, முனையெல்லாம் மழுங்கி இருக்கும். மொழிக்கொரு உறவுமுறை வைத்திருக்கிறார்கள்: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, நமக்குத் தம்பி. தமிழ் வடிவம் ஆதர்ஷ் ராஜனுடையது. ஓபன் ஃபாண்ட் லைசென்ஸ் என்பதால் பேனர், முறுக்குப் பாக்கெட், புத்தக அட்டை எதில் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் போடலாம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பிளெக்ஸ் கடையில் கொடுத்தேன். அவர்களிடம் இருந்தது பழைய மென்பொருள். யூனிகோடு எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாது. 'கோழி' என்று அடித்தால் க தனியாக, ஓகாரக் குறி ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றது. வீட்டுக்கு வந்து இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளை எல்லாம் கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் கொடுத்த பிறகே சரியானது. (பாமினி காலத்துப் பழக்கம் டிடிபி கடைகளை இன்னும் விடவில்லை.)

சுவரில் அருமையாக இருந்தது. அதே எழுத்தில் பயிற்சித்தாளும் போட்டேன். அங்கேதான் தப்பு பண்ணினேன்.

ஒரு வாரம் கழித்து போன். "மாமா, பாதி வகுப்பு ண-வுக்கு ரெண்டு சுழிதான் போடுது." 14 பாயிண்டில், பள்ளிப் பிரிண்டரில், தடித்த கோடு சுழிகளுக்குள் மை நிரம்பி அடைத்துவிட்டது. ஆங்கில ஓ-வில் ஓர் ஓட்டை; அது அடைந்தாலும் வெளிவடிவம் காப்பாற்றும். தமிழில் ண-வையும் ன-வையும் பிரிப்பதே சுழிக் கணக்குதான். 'மணம்', 'மனம்' என்று நமக்குப் பொருளை வைத்து ஊகிக்க முடியும். எழுத்தே இப்போதுதான் கற்கும் பிள்ளை கண்ணில் பட்டதைத்தான் எழுதும்.

ர-வும் இதே மாதிரி ஆபத்து. எந்தத் தடித்த எழுத்துருவிலும் அதன் அடிச் சாய்கோட்டைப் பாருங்கள். அது குட்டையானால் துணைக்கால் ஆகிவிடும். ஓலைச்சுவடியில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது, சூழலை வைத்துத்தான் படித்தார்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

பிறகு வந்த பாலூ தம்பி 2-ல் ஐந்து தடிமன்கள் உண்டு. மெல்லியதை எடுத்து 28 பாயிண்டில் மறுபடி அச்சிட்டுப் பார்த்தேன், சுழிகள் திறந்திருந்தன. வாக்கியம் வாசிக்கும் பக்கங்களுக்கு மட்டும் முக்தா மலர். சுவரில் குண்டுத் தம்பி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.