பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசியா? "யார் சொன்னது?" என்று வாத்தியார் கேட்டால்...

பல்லடம்:

"ஊக்க மருந்து பற்றிக் கட்டுரை எழுது, ஆதாரமும் காட்டு" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால், கோழிக்குப் பேர்போன பல்லடத்துப் பையன் யோசிக்கவே மாட்டான். "பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்க" என்று எழுதி விடுவான்.

யாரு சொன்னாங்க?

"எல்லாரும் சொல்றாங்க சார்!"

அது ஆதாரம் ஆகாது.

கட்டுபடி ஆகுமா?

ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழி. ஒவ்வொன்றாகப் பிடித்து, திரும்பத் திரும்ப ஊசி போட்டால் கட்டுபடி ஆகுமா? வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப் போகும். சுமார் 40 நாளில் 2 கிலோ வருவது பொறுக்கி எடுத்த இனத்தாலும் தீவனத்தாலும்தான். தடுப்பூசி உண்டு, அது நோய்க்கு.

கடைசி மருந்து

அதற்காகக் கோழி விஷயத்தில் குற்றமே இல்லை என்றும் எழுதிவிட முடியாது. எடை கூடுவதற்காக நாட்டில் பல பண்ணைகளில் தீவனத்தில் கலந்தது வேறு சரக்கு: ஆன்டிபயாடிக்! அதில் ஒன்று 'கொலிஸ்டின்'. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்கு டாக்டர்கள் கடைசியாக எடுப்பது அதைத்தான். பண்ணையில் பழகிய கிருமி அதற்கும் மசியாவிட்டால் நோயாளி கதி?

கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. உத்தரவு அரசிதழில் இருக்கிறது. பையன் கட்டுரைக்கு அடியில் தாராளமாக எழுதலாம்.