வீட்டைக் காலி செய்து பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியவர்கள், மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்கள். சென்னையில் இருக்கும் குடித்தனத்தைக் கலைத்து டில்லியில் கொண்டுபோய் வைத்துப் பார்! ரயில் பாதையில் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 2,180 கிலோமீட்டர். ஆனால் வீட்டு அம்மாளைக் கேட்டால், பரணிலிருந்து வாசற்படிக்கு உள்ள தூரம்தான் அதைவிட அதிகம் என்பாள்!

மாற்றல் உத்தரவு வந்ததும் ஐயா முன்னால் போய் வேலையை ஒப்புக்கொண்டு விடுவார். பரணை ஒழிப்பது அம்மாளின் பொறுப்பு. பாட்டியின் வெண்கலப் பானை, கொலுப் பொம்மைகள், மாவரைக்கும் கிரைண்டர் - எதை எடுப்பது, எதை விடுவது? "எதற்காவது உதவும்" என்று பத்து வருஷமாகக் காப்பாற்றிய காலி டப்பாக்களும் லாரியில் இடத்தை அடைக்கும். அந்த இடத்துக்கும் கூலி உண்டு. ஆகவே முதல் வேலை, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவது.

லாரிக்காரரிடம் பேசும்போது வாய்ப்பேச்சு மட்டும் போதாது. கூலி, ஏற்று கூலி, இறக்கு கூலி, வரி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பாதி வழியில் "இன்னும் கொஞ்சம் தள்ளினால்தான் வண்டி நகரும்" என்ற பேச்சு எழாமல் அது தடுக்கும். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, உள்ளே இருப்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகை, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் இவை மூன்றும் உங்கள் கைப்பையை விட்டு அகலக் கூடாது.

காஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்ஸியில் ஒப்படைத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். அதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். புது ஊரில் இணைப்புக் கிடைக்க அதுவே ஆதாரம். கிடைக்க நாலு நாள் ஆனாலும் ஆகும். லாரி வந்து சேரவும் ஒரு வாரம் பிடிக்கலாம். அதுவரை பட்டினியா கிடப்பது? ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கையில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டு போகலாம். ஒரு மின்சார அடுப்பு, இரண்டு பாத்திரம், காப்பி பில்டர், போர்வை இவை கூடவே வரட்டும். துளசிச் செடி லாரியில் பிழைப்பது சந்தேகம். காய்ந்த கதிர் நாலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டால் அங்கே விதைக்கலாம்.

இதெல்லாம் சாமான்களின் பாடு. மனிதர்களின் பாடுதான் பெரும்பாடு. பெண் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள் என்று வையுங்கள். மத்திய கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டு வருஷப் படிப்பு. நேரே பத்தாவதில் சேர்க்கத் தகப்பனாரின் மாற்றல் உத்தரவு போன்ற காரணம் காட்ட வேண்டும். வீடு பார்ப்பதற்கு முன்பே பள்ளிக்கு எழுதிக் கேட்டுவிடுவது உத்தமம்.

மாமியாருக்கோ ஹிந்தி தெரியாது. வாசலில் பூக்காரியோடு நடந்த பேச்சுக் கச்சேரி நின்றுபோகிறது. "எனக்கென்ன, எங்கே இருந்தால் என்ன?" என்பார், இரவில் தூங்க மாட்டார். அவருடைய பூஜைப் பெட்டியும் பழகிய தலையணையும் லாரியில் ஏற வேண்டாம். மருந்தோடும் வைத்தியர் சீட்டோடும் அவர் பக்கத்திலேயே வரட்டும்.

அந்தக் காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை குறைவா? பிரிட்டிஷ் ஆட்சியில் சர்க்காரே கோடைக்குச் சிம்லா, குளிருக்கு டில்லி என்று வருஷத்தில் இரு முறை மூட்டை கட்டியது. உத்தியோகம் பார்த்த தமிழர் வீடுகளும் கூடவே கட்டின. வடக்கே வந்து சேர்ந்த நம்மவர்களின் குழந்தைகளுக்காக 1923-ல் டில்லியில் ஒரு பள்ளி பிறந்தது. அந்த வழியில் வந்த டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அங்கே தமிழும் படிக்கலாம். ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின் மேல் சுவாமிநாதனும் இருக்கிறார். மாமியாரை முதல் வெள்ளிக்கிழமையே அங்கே அழைத்துப் போங்கள். பேச்சுத் துணை தானே கிடைக்கும்.

ஜனவரிக் குளிரில் தோசை மாவு புளிக்காமல் உங்களைச் சோதிக்கும். கலங்க வேண்டாம். மூட்டை பிரிக்க ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும். முதல் நாள் மாலையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 'தூத்' என்றால் பால், 'பானி' என்றால் தண்ணீர். ஆரம்பத்துக்கு இந்த இரண்டு சொல் போதும். மிச்சத்தை அந்த வீட்டு அம்மாள் சொல்லிக் கொடுத்துவிடுவாள்.